மெழுகை விடுங்கள், வாளியைப் பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கம் மரக்கறிக் கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் பரிசோதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நான். என்னைக் கண்டால் சனம் முதலில் கேட்பது அப்பிள் மெழுகைப் பற்றித்தான். "நகத்தாலை சுரண்டினா வருது சேர், நஞ்சுதானே?"

இல்லை. கழுவும்போது அப்பிளின் இயற்கை மெழுகு போய்விடும். ஈரம் வற்றாமலிருக்கச் சாப்பிடக்கூடிய மெழுகை மெல்லியதாகப் பூசுகிறார்கள். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது அதில் ஒரு வகை. நம்மூர்ப் பனை கேட்டால் பொறாமைப்படும்.

நான் பயப்படுவது வாளிக்கு.

பறித்த பிறகும் மரக்கறி மூச்சு விடுகிறது. தம்புள்ளையில் ஏற்றிய கோவாவும் லீக்ஸும் ஏ9 நெடுஞ்சாலை வழியாக வந்து இறங்கும்போதே மூட்டைக்குள் சூடேறியிருக்கும். ஆடி வெயிலில் உள்ளூர்க் கீரையே பத்து மணிக்குத் தலை தொங்கிவிடும். கடைக்காரர் தண்ணீர் தெளிப்பார், நனைத்த சாக்கால் மூடுவார். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும், இலை வாடுவதும் குறையும். நல்ல முறைதான். ஆனால் என்ன தண்ணீர்? ஒரு கடையில் காலையில் நிரப்பிய வாளிக்குள்ளேயே கை கழுவி, துணி அலசி, பின்னேரம் அதையே வல்லாரைக்குத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வல்லாரையை நாம் பச்சையாகத்தானே சம்பல் போடுகிறோம். வயிற்றோட்டத்துக்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

பிரிட்ஜ் இருந்தால் பிரச்சினை இல்லை என்பார்கள் சிலர். கரட், கோவா, லீக்ஸ் 0 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரில் நன்றாக நிற்கும். வாழைப்பழமோ 13 பாகைக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். தக்காளிக்கும் கடுங்குளிர் ஒத்துக்கொள்ளாது, ருசி கெடும். அப்புறம், பழுக்கும் வாழைக்குலைக்கு அருகில் கீரைக்கட்டை வைக்காதீர்கள். பழம் விடும் எதிலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.

சாப்பாட்டுக் கடைகளில் நான் நேரே போவது வெட்டிய பழத்திடம். தோல் போனால் காவலும் போச்சு. 5 பாகைக்கு மேல் விடக்கூடாது. நம் வெக்கையில் வெளியே ஒரு மணித்தியாலம் கடந்த அன்னாசித் துண்டை நான் தொடமாட்டேன். ஒரு கடை பிரிட்ஜில் மேல்தட்டு இறைச்சியின் இரத்தம் கீழே வெள்ளரித் துண்டுகளில் சொட்டிக்கொண்டிருந்தது. "குளிருக்கைதானே ஐயா கிடக்கு" என்றார் முதலாளி. குளிர் கிருமியைக் கொல்லாது, அதன் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இறைச்சி கீழ்த்தட்டுக்கு, பச்சையாகச் சாப்பிடுவது மேல்தட்டுக்கு. இதைச் செய்யக் காசும் தேவையில்லை.

வீட்டில் கீரையைக் கழுவி அடுக்காதீர்கள், ஈரத்தில் அழுகும். சமைக்கும் நேரத்தில் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

வல்லாரைக் கடைக்காரர் இப்போது இரண்டு வாளி வைத்திருக்கிறார். ஒன்றில் 'மரக்கறிக்கு' என்று பெயின்டால் எழுதியிருக்கிறார். அதற்கு மூடிதான் இன்னும் வரவில்லை.