ஒன்றரை மாச ஊசிக்கு பயந்து ரெண்டரை மாச ஊசிய விட்றாதீங்க

பொறந்த குழந்தைக்கு முதல் வருஷம் போட வேண்டிய ஊசி எல்லாமே நம்ம நாட்டுல அரசோட அனைவருக்குமான தடுப்பூசி திட்டத்துல (Universal Immunization Programme) இலவசம். 1985-லருந்து இந்த பேர்ல நடக்குது, ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி எங்க போட்டாலும் காசு கிடையாது. வேற ஊர்ல பிரசவம் ஆச்சு, இப்ப அம்மா வீட்ல இருக்கோம்னாலும் பரவால்ல, தாய் சேய் அட்டைய எடுத்துட்டு போனா போதும்.

பொறந்ததும் மூணு: காசநோய்க்கான பிசிஜி ஊசி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. இதுல மஞ்சள் காமாலை ஊசிய மட்டும் 24 மணி நேரத்துக்குள்ள போடணும், டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடி போட்டாச்சானு நீங்களே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. பிசிஜி போட்ட இடது கை சில வாரம் கழிச்சு லேசா வீங்கி சீழ் வெச்ச மாதிரி ஆகும், அது தானா ஆறி தழும்பாயிடும், மஞ்சள் மருந்துனு எதையும் தடவாதீங்க.

அடுத்தது 6 வாரம், அதாவது ஒன்றரை மாச ஊசி. இங்கதான் எல்லாரும் பயப்படுறது. பென்டாவேலன்ட் ஒரு தொடையில, நிமோனியாவுக்கான பிசிவி இன்னொரு தொடையில, கையில போலியோ ஊசி, அதோட போலியோ சொட்டும் வயித்துப்போக்குக்கான ரோட்டா வைரஸ் சொட்டும். பென்டாவேலன்ட்ங்கறது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை, ஹிப் கிருமியால வர்ற மூளைக்காய்ச்சல்னு அஞ்சுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரும், தொடை வீங்கும், பாப்பா அழுதுட்டே இருக்கும், வீட்ல பெரியவங்க "இனிமே போடவே வேணாம்"னு சொல்லிடுவாங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும். நர்ஸ் சொன்ன அளவுல பாராசிட்டமால், பால் நிறைய, அவ்ளோதான். ஊசி போட்ட இடத்த தேய்க்கக் கூடாது. ஃபிட்ஸ் வந்தாலோ மூணு மணி நேரத்துக்கு மேல விடாம கத்தி அழுதாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

காமெடி என்னன்னா பயந்து விடுற அந்த 10 வார ஊசிதான், அதாவது ரெண்டரை மாச ஊசிதான், இருக்கறதுலயே லேசு. குத்து ஒண்ணே ஒண்ணு, பென்டாவேலன்ட் மட்டும், மத்தது ரெண்டும் சொட்டு மருந்து. 14 வாரத்துல திரும்ப ஒன்றரை மாசத்துல போட்ட அதே செட்டு.

அப்புறம் 9 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, பிசிவி பூஸ்டர், போலியோ ஊசி மூணாவது டோஸ் (இது 2023-ல சேர்த்தது, பழைய அட்டையில இருக்காது), வைட்டமின் ஏ திரவம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி சில மாவட்டத்துல மட்டும்தான். ஏன் 9 மாசம் வரைக்கும் காத்திருக்கணும்னா அம்மாகிட்டருந்து வந்த எதிர்ப்பு சக்தி குழந்தை உடம்புல இருக்கற வரைக்கும் தட்டம்மை ஊசி சரியா வேலை செய்யாது.

தேதி தவறிடுச்சுன்னா முதல்லருந்து ஆரம்பிக்க தேவையில்ல, விட்ட டோஸ்லருந்து தொடருவாங்க, டோஸுக்கு நடுவுல 4 வாரமாவது இடைவெளி இருக்கணும். லேசா சளி இருக்குனு தள்ளிப்போடாதீங்க, சளி இருந்தாலும் போடலாம். போட்டதும் அரை மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு, அட்டையில அடுத்த தேதி எழுதிட்டாங்களானு பாத்துட்டு கிளம்புங்க.