பளிச்சென்று உடுத்துபவரை ‘ஃப்ளாம்பாயன்ட்லி’ ஆக்காதீர்கள்

போன வாரம் ஓர் ஆசிரியை, தன் தலைமையாசிரியையின் பணி நிறைவு விழாவில் வாசிக்க வேண்டிய ஆங்கில உரையைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். மேடம் எப்போதும் ‘ஃப்ளாம்பாயன்ட்லி’ (flamboyantly) உடுத்துவார் என்று இருந்தது. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, கலையாத மடிப்பு, விரல் அகலத்தில் ஒரு கரை. அவ்வளவுதான். இந்தச் சொல் இந்த ஆண்டு இப்படி என் மேசைக்கு வருவது நான்காவது முறை.

“என்னம்மா சொல்ல வந்தீங்க?”

“பளிச்னு உடுத்துவாங்கன்னுதான் சார். அகராதி ஆப்ல அப்படித்தானே போட்டிருக்கு?”

போட்டிருக்கிறது. ‘பகட்டாக’ என்று முதலில், ‘பளிச்சென’ என்று அப்புறம். அவர் முதலாவதைத் தாண்டி இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

நம் ‘பளிச்’ நல்ல சொல். குளித்து, நெற்றியில் பொட்டு வைத்து வரும் குழந்தை பளிச்சென்று இருக்கும். விளக்கிய பாத்திரம் பளிச்சென்று இருக்கும். ஒருவர் பளிச்சென்று பதில் சொல்வார். சுத்தம், தெளிவு, வெளிச்சம் மூன்றும் அதில் அடக்கம். ஃப்ளாம்பாயன்ட்லியில் இந்த மூன்றுக்கும் இடமே இல்லை. தீச்சுடரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் பிறந்தது அது. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் கோடையில் சிவப்பாகப் பூத்துக் கொட்டும் குல்மோகருக்கும் ஆங்கிலத்தில் ஃப்ளாம்பாயன்ட் என்றே ஒரு பெயர் உண்டு. எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிற நிறம், நடை, வீச்சு: அதற்குத்தான் இந்தச் சொல். ஜிகினா மின்னும் கரகாட்ட உடைக்குப் பொருந்தும். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸின் பந்தை ஒரு முழங்காலை ஊன்றி ஸ்ரீகாந்த் எல்லைக்கு அனுப்பினாரே, அதற்கும் பொருந்தும். இரண்டிலும் அது பாராட்டுதான். பள்ளி அலுவலக அறையில் அதுவே குத்தலாகிவிடும்.

பரிந்துரைக் கடிதத்தில் தயவுசெய்து போடாதீர்கள். ஓர் ஆணைப் பற்றி எழுதும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். அவர் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்று சாடையாகச் சொல்வதாகவும் சிலர் படிப்பார்கள். சேலையைச் சொன்னால் ‘லி’ கிடையாது, ஃப்ளாம்பாயன்ட் சேலை. ‘கலர்டு’ என்று தொடர்ந்தால் மட்டும் ‘லி’ வரும். இதைக்கூடவா நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்?

ஆப் தரும் தமிழ்ச் சொல்லோடு நிறுத்தாமல், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இரண்டையாவது படியுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த உரையில் ‘எலிகன்ட்லி’, அதாவது நேர்த்தியாக, என்று மாற்றி அனுப்பினேன். அடுத்த வரியில் கைத்தறிச் சேலையையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கும்.