துருவக் கடலின் காபனுக்கு யார் காவல்?

சங்கமன்கண்டி முனைக்குச் சற்று வெளியே நின்று நேர்தெற்கே படகை விட்டால், அந்தாட்டிக்காவின் பனி வரை ஒரு துண்டு நிலமும் குறுக்கிடாது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை இலங்கையின் பொருளாதார வலயம். அதற்கப்பால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல். வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர்களுக்கு இந்தக் கோடு தெரியும். அதைத் தாண்டித் தொழில் செய்யத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதில் சுமார் 40 சதவீதம் அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த தென்சமுத்திரத்தின் பங்கு. குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரையும். அந்த நீர் கனத்து அடியில் இறங்கும். கிறிலும் உதவுகிறது. நம் ஊர்க் கூனியைப் போன்ற சிறு உயிர்தான் அது. பாசியைத் தின்று அது போடும் எச்சம் காபனோடு ஆழத்துக்குப் போய்விடுகிறது.

கிறில் பிடிக்கும் விதிகளை வகுப்பது, 1982இல் நடைமுறைக்கு வந்த அந்தாட்டிக் கடல்வாழ் உயிர்வளச் சமவாயத்தின் ஆணைக்குழு. றொஸ் கடலில் 15.5 இலட்சம் சதுர கிலோமீற்றரை 35 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க அது 2016இல் இணங்கியது. பெரிய வெற்றிதான். ஆனால் 27 உறுப்பினரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். கிழக்கு அந்தாட்டிக்கா, வெடல் கடல் ஆகியவற்றுக்கான முன்மொழிவுகளை ரஷ்யாவும் சீனாவும் ஆண்டுக்கணக்கில் மறித்துவருகின்றன. இலங்கைக்கு அந்த மேசையில் இருக்கையே இல்லை.

வட துருவத்தில் நிலைமை வேறு: மத்திய ஆட்டிக் சமுத்திரத்தில் வர்த்தக மீன்பிடியைத் தடுக்கும் உடன்படிக்கை 2021இலிருந்து 16 ஆண்டுகளுக்கு.

நமக்கு வாசல் திறந்திருப்பது ஐநாவின் ஆழ்கடல் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையில். 2023இல் நிறைவேறி, 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2025இல் ஏற்புறுதி செய்தது. காலநிலையைத் தாங்கும் கடலின் காபன் சுழற்சியைப் பேணவேண்டும் என்று அதன் 7ஆம் உறுப்புரை வெளிப்படையாகச் சொல்கிறது. இணக்கம் எட்டாவிட்டால் முக்கால் பங்கு வாக்கில் பாதுகாப்பு வலயம் அமைக்கலாம். சிக்கல் ஒன்றுண்டு: ஏற்கெனவே உள்ள அமைப்புகளின் அதிகாரத்தை அது குலைக்கக்கூடாது. அதாவது தென்சமுத்திரத்தில் மறுபடியும் அந்த 27 பேரிடமே போய் நிற்கவேண்டும். இதை ஓட்டை என்றே சொல்வேன்.

2024 மே 21இல் சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம் வழங்கிய ஆலோசனைக் கருத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தீர்ப்பைப்போல அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் பச்சைவீட்டு வாயுவைக் கடல் மாசு என்றே வரையறுத்துவிட்டது. கடல் மாசைத் தடுக்கச் சொல்லும் கடற்சட்டச் சமவாயத்தில் 1994இலிருந்து இருக்கும் இலங்கையின் கணக்கில், கல்முனையில் நிற்கும் பஸ்ஸின் புகையும் சேரும்.