கனரகக் கலப்பையா, புரட்டுக் கலப்பையா?

ரோமப் பேரரசுக்குப் பிந்தைய ஐரோப்பிய வேளாண்மை பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘கனரகக் கலப்பை’ வந்துவிடுகிறது. கட்டுரை, காணொளி, தேர்வுக் குறிப்பு எல்லாவற்றிலும் அதே சொல். கனரக வாகனம், கனரகத் தொழிற்சாலை என்றே கேட்டுப் பழகியவருக்கு டிராக்டருக்குப் பின்னால் போகும் இரும்பு எந்திரம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தக் காலக் கலப்பை பெரும்பாலும் மரத்தால் ஆனது, மாடு இழுத்தது.

முதலில் சொல்லின் வேர். பழைய கலப்பைக்கு லத்தீனில் ‘அராட்ரும்’ என்று பெயர். புதியதை ‘கர்ரூக்கா’ என்றார்கள். அது முன்பு நான்கு சக்கர வண்டியின் பெயர், கெல்டிக் மூலம் கொண்டது. சக்கரம் பூட்டிய கலப்பைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இத்தாலியை ஆண்ட லொம்பார்டு அரசன் ரோத்தாரியின் 643ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘ப்ளோவும்’ என்று இன்னொரு பெயர் வருகிறது. ஆங்கிலத்தின் ‘ப்ளவ்’, ஜெர்மனின் ‘ப்ளூக்’ எல்லாம் அந்த உறவு. இவை எதிலும் எடை என்ற பொருளே இல்லை. ‘ஹெவி’ (கனமான) என்பது பிற்கால ஆங்கில வரலாற்றாசிரியர்கள் முன்னால் போட்ட அடைமொழி. நம்மவர்கள் அதை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, இந்தக் கலப்பை செய்த வேலை என்ன? ரோமானியர் மத்தியதரைக் கடல் நாடுகளில் ஓட்டியது, நம் நாட்டுக் கலப்பையைப் போலவே, மண்ணைக் கீறிக்கொண்டு போவது. சாலுக்குச் சால் நடுவே உழாத மண் நிற்கும், அதனால் குறுக்கே மறு உழவு ஓட்ட வேண்டும். வறண்ட, இளகிய மண்ணுக்கு அது போதும், ஈரமும் காக்கும். வட ஐரோப்பாவின் களிமண்ணில் அது எடுபடாது. அங்கே தேவைப்பட்ட கலப்பையில் மூன்று உறுப்புகள் உண்டு. முன்னால் ஒரு கத்தி செங்குத்தாக மண்ணை அறுக்கும், கொழு அடியில் கிடைமட்டமாக வெட்டும், பக்கத்தில் உள்ள பலகை அந்தக் கட்டியை ஒரே பக்கமாகப் புரட்டிப் போடும். புரட்டப் புரட்ட நடுவில் மேடு எழும், ஓரச் சாலில் மழைநீர் வடியும். களையும் அடியில் போய்விடும். மண்ணைப் புரட்டுவதால்தான் இழுவை கூடியது, மாடும் கூடுதலாக வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கெடுப்பில் ஒரு கலப்பைக்கு எட்டு மாடு என்பதே கணக்கு. அத்தனை மாடுகளை அடிக்கடி திருப்ப முடியாது, அதனால் வயல்கள் நீண்ட பட்டைகளாயின. எட்டு மாடு எல்லாரிடமும் இருக்காது, அதனால் பலர் சேர்ந்து ஏர் பூட்டினார்கள்.

எடை இதில் ஒரு விளைவு மட்டுமே. விளைவைப் பெயராக வைத்தால் காரணம் மறைந்துபோகிறது.

தூய தமிழ் வாதத்துக்காக நான் இதை எதிர்க்கவில்லை. ‘ரகம்’ உருது வழியாக வந்த சொல், இருந்துவிட்டுப் போகட்டும், நெல் ரகம் என்று தினமும் சொல்கிறோம். தெளிவில்லை என்பதுதான் என் குறை. ‘இரும்புக் கலப்பை’ என்பதும் ஆகாது, ரோமானியரும் இரும்புக் கொழு வைத்திருந்தார்கள். ‘சக்கரக் கலப்பை’ கர்ரூக்காவுக்கு நெருக்கம்தான், ஆனால் சக்கரமே இல்லாமலும் மண்ணைப் புரட்டிய கலப்பைகள் ஏராளம். வேளாண் படிப்பில் வரும் ‘வளைபலகைக் கலப்பை’ கிட்டத்தட்ட சரி. இன்றைய கருவிக்கு அது நல்ல சொல். ஆனால் இடைக்காலத்தில் அந்தப் பலகை பெரும்பாலும் தட்டை மரம். வளைவு பிற்காலத்தில்தான் செம்மைப்பட்டது. ஏழாம் நூற்றாண்டுக் கலப்பையில் வளைபலகையை மாட்டிவிடக் கூடாது. எனவே ‘புரட்டுக் கலப்பை’ என்கிறேன். அதற்கு எதிரே வரும் பழைய கலப்பைக்குக் ‘கீறு கலப்பை’. இரண்டையும் அருகருகே வைத்தால் உழவு தெரியாதவருக்கும் வேறுபாடு புரிந்துவிடும்.

அடைமொழி தவறினால் வரலாறும் தவறுகிறது. ரோம் விழுந்த பிறகு யாரோ கனரகக் கலப்பையைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுகிறார்கள். முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, ஆல்ப்ஸ் பக்கத்து ரேஷியாவில் கலப்பைக்குச் சக்கரம் சேர்த்ததைக் குறிப்பிடுகிறார். மண்ணறுக்கும் கத்தி ரோமானியர் கால பிரிட்டனிலேயே இருந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள லிமிஞ்சில் 2010இல் அகழ்ந்தெடுத்த கத்தி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தனித்தனியாகக் கிடந்த உறுப்புகள் ஒன்றுசேர்ந்து பரவப் பல நூற்றாண்டு ஆனது.

குதிரைக்கும் இதே கதிதான். குதிரையை ஏரில் பூட்டும் சாதனத்தைக் ‘குதிரைக் கழுத்துப்பட்டை’ என்று எழுதுகிறார்கள், நாய்க்குக் கட்டும் பட்டை போல. அந்தச் சாதனத்தின் பயனே பாரத்தைத் தொண்டையிலிருந்து எடுத்துத் தோளுக்கு மாற்றியதுதான். மெத்து வைத்த ‘தோள்நுகம்’ என்று எழுதலாமே. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுமுன் அந்தக் கருவியின் படத்தை ஒருமுறை பார்த்தாலே போதும்.