'ஹேங்ட் பை த நெக் டில் ஹி இஸ் டெட்': சொல் விளக்கம்

இந்தியாவில் மரண தண்டனைத் தீர்ப்பின் கடைசியில் வரும் வாசகம் இது. நேர்ப்பொருள்: உயிர் போகும்வரை கழுத்தில் கயிறிட்டுத் தொங்கவிடப்படுதல். நீதிபதிகள் தாமாகச் சேர்க்கும் அலங்காரம் இல்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 354(5) பிரிவில், தண்டனையை இப்படித்தான் விதிக்க வேண்டும் என்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 393ஆம் பிரிவில் தொடர்கிறது.

வாசகம் பிறந்த இடம் இங்கிலாந்து. சட்ட ஏடுகள் லத்தீனில் இருந்த காலத்தில், கைதியின் பெயருக்கு நேராக 'சஸ். பெர் கோல்.' என்று சுருக்கி எழுதுவார்கள். 'கழுத்தில் தொங்கவிடுக' என்று பொருள். ஒரு மனித உயிருக்கு அவ்வளவுதான் எழுத்து!

சரி, 'உயிர் போகும்வரை' என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? அந்தக் காலத் தூக்கில் எல்லாரும் சாகவில்லை. 1650இல் ஆக்ஸ்போர்டில் தூக்கிலிடப்பட்ட ஆன் கிரீன், உடலை அறுக்கக் கொண்டுபோன இடத்தில் மூச்சுவிட்டார். பிறகு மன்னிப்பும் பெற்றார். 1724இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்ட மேகி டிக்சனும் பிழைத்துக்கொண்டார். ஆனால் சட்டம் அந்த இரக்கத்தைத் தானாகத் தரவில்லை. கைதி பிழைத்துவிட்டால் அதிகாரி மறுபடியும் தூக்கிலிட வேண்டும் என்று ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1769இல் எழுதினார். கயிறு அறுந்தால் விடுதலை என்று நம்மிடையே உள்ள நம்பிக்கைக்கு இந்த வாசகமே பதில். ராஜதுரோகத் தண்டனையில் இதற்கு நேர்மாறான கொடூரம்: 'சாகும்வரை அல்ல' என்றே சொல்லி, உயிரோடு இறக்கி வயிற்றைக் கிழிப்பார்கள்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல் தீனா வழக்கில் தூக்கிலிடும் முறை அரசமைப்புக்கு முரணானதல்ல என்றது. சிறை விதிகளின்படி உடல் அரை மணி நேரம் தொங்க வேண்டும். உயிர் இல்லை என்று மருத்துவ அலுவலர் உறுதி செய்த பிறகே இறக்கலாம். 'டில் ஹி இஸ் டெட்' என்பது நடைமுறையில் இதுதான். படிக்கவே நெஞ்சு கனக்கும் விதி.

தமிழில் என்ன சொல்வது? 'தூக்குத் தண்டனை' என்பது தண்டனையின் பெயர். தீர்ப்பின் வாசகத்துக்கு அது போதாது. 'கழுவேற்றம்' தவறு, அது கூரிய மரத்தில் ஏற்றிக் கொல்வது. நாளிதழ்கள் 'சாகும்வரை தூக்கிலிட' என்கின்றன. பிழையில்லை. ஆனால் 'சாகும்வரை சிறை', 'சாகும்வரை உண்ணாவிரதம்' என்றும் எழுதுகிறோம். அங்கெல்லாம் அது காலத்தின் எல்லை. இங்கே சாவுதான் செயலின் நோக்கம். அதனால் 'உயிர் போகும்வரை தூக்கிலிட வேண்டும்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தூக்கு என்றாலே கழுத்து உள்ளடங்கிவிடும். சொல்லுக்குச் சொல் வேண்டிய சட்ட மொழிபெயர்ப்பில் மட்டும் 'கழுத்தில் கயிறிட்டு' என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.