ஆவுல் வாசலில் நிற்கும் காவலாளி இல்லை

ஒரு துறையில் என்னென்ன வகைகள், அவற்றுக்குள் என்னென்ன உறவுகள் என்று கணினிக்குப் புரியும்படி எழுதுவது ஆன்டாலஜி. அதை எழுதும் மொழி ஆவுல் (OWL). டேட்டாபேஸ் வேலையிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் டொமைன் (ஓர் உறவு எந்த வகைக்கு உரியது), ரேஞ்ச் (அதன் மதிப்பு எந்த வகை) என்ற இரண்டு சொற்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். டேபிளில் டைப் கொடுத்தால் தப்பான மதிப்பு உள்ளே வராது. அதே பழக்கத்தில், பெங்களூரு அல்சூர் மெஸ்களுக்கான ஆன்டாலஜியில் ‘உரிமையாளர்’ என்ற பிராப்பர்ட்டிக்கு, அதாவது உறவுக்கு, ரேஞ்ச் ‘மனிதர்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். நாளைக்கு ஒரு மெஸ்ஸுக்கு உரிமையாளராக அறக்கட்டளை ஒன்றைப் பதிந்தால் பிழை எதுவும் வராது. அந்த அறக்கட்டளையும் ஒரு மனிதர்தான் என்று, எழுதியவற்றிலிருந்து முடிவுகளை வருவிக்கும் மென்பொருளான ரீசனர் முடிவு கட்டிவிடும். ‘மனிதர்’, ‘அமைப்பு’ இரண்டும் டிஸ்ஜாயின்ட் (பொது உறுப்பே இல்லாதவை) என்று எழுதி, அது அமைப்பு என்றும் பதிந்திருந்தால்தான் முரண்பாடு வெளியே வரும். கிளாஸ்களை, அதாவது வகைகளை, பிரிக்கும்போதே இதை எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் யாரும் எழுதுவதில்லை.

ஒரு பிராப்பர்ட்டிக்கு ‘மெஸ்’, ‘பேக்கரி’ என்று இரண்டு டொமைன் வரிகள் கொடுத்தால் இரண்டில் ஒன்று என்று அர்த்தமில்லை, இரண்டாகவும் இருப்பது என்று அர்த்தம். இரண்டில் ஒன்று என்று சொல்ல, இரண்டையும் சேர்த்த யூனியன் கிளாஸ் வேண்டும்.

ஃபங்ஷனல், அதாவது ஒரு பிராப்பர்ட்டிக்கு ஒரே மதிப்புதான் என்ற அறிவிப்பு, இன்னும் மோசம். உரிமையாளர் ஒருவரே என்று சொல்லிவிட்டு முருகன், செல்வி என்று இருவரைப் பதிந்தால், இருவரும் ஒரே ஆள் என்று ரீசனர் புரிந்துகொள்ளும். பெயர் வேறென்றால் ஆளும் வேறு என்று ஆவுல் எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தது ஒரு போன் எண் வேண்டும் என்று எழுதி, எண்ணே தராவிட்டாலும் குறை சொல்லாது. எங்கோ இருக்கும், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இது, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக ஆவுல் 2004-இல் வந்தபோதே உள்ள இயல்பு. 2009-இன் ஆவுல் 2-விலும் மாறவில்லை. டேட்டாவைச் சரிபார்க்க 2017-இல் பரிந்துரையான ஷாக்கிள் (SHACL) இருக்கிறது. அந்த வேலையை அதனிடம் விடுங்கள்.

இரண்டும் ஒன்றே என்று சொல்லும் ‘சேம்ஆஸ்’ (sameAs) விஷயத்தில் கை நடுங்க வேண்டும். பெங்களூரு மாநகரையும் பெங்களூரு நகர மாவட்டத்தையும் அதால் இணைத்தால், மாவட்டத்திலுள்ள ஆனேக்கல் ஊரும் மாநகருக்குள் வந்துவிடும்.

ஆன்டாலஜி எழுதும் மென்பொருளான புரோட்டிஜேவில் நாலைந்து மாற்றத்துக்கு ஒருமுறை ரீசனரை ஓட்டுங்கள். சிவப்பாகும் கிளாஸில் எந்த உறுப்பும் இருக்க முடியாது.

மெஸ்ஸின் முகவரியும் நேரமும் கூகுளுக்குப் புரிந்தால் போதுமென்றால் ஆவுலே தேவையில்லை. ஸ்கீமா.ஆர்க் தளம் தரும் பொதுச் சொற்களை ஜேசன்-எல்டி (JSON-LD) வடிவில் வலைப்பக்கத்தில் வைத்தால் போதும். நேரத்தை மட்டும் ‘இரவு 10’ என்று எழுதாமல் 22:00 என்று போடுங்கள்.