கெதியாகப் பழக வேண்டுமா? கையை நிறுத்துங்கள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு முல்லைத்தீவின் முள்ளியவளையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: "மகனைத் தவில் பழக விட்டிருக்கிறம். வீட்டில கொஞ்சம் அடிக்கிறான், பிறகு சும்மா இருக்கிறான், திரும்ப அடிக்கிறான். இப்பிடி இருந்தா எப்ப பழகிறது? கெதியாப் பழக ஏதும் வழி இருக்கா?"

அந்தச் "சும்மா இருக்கிறான்" என்பதைத்தான் பேச வேண்டும்.

திரும்பத் திரும்பச் செய்தால் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சிறுமூளை கையின் பிழையைத் திருத்திக்கொண்டே இருக்கும் என்பதும் தெரியும். சரி, அந்த வேலை எந்த நேரத்தில் நடக்கிறது? அடிக்கும்போது என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் லியோனார்டோ கோஹனின் குழு ஒரு எளிய சோதனை செய்தது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களை இடக்கை விரல்களால் விசைப்பலகையில் 4-1-3-2-4 என்ற வரிசையைத் தட்டச் சொன்னார்கள். 10 விநாடி தட்ட வேண்டும், 10 விநாடி கையை எடுத்துவிட்டு இருக்க வேண்டும். இப்படி 36 சுற்று. பிறகு ஒவ்வொரு தட்டின் வேகத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். தட்டிய 10 விநாடிக்குள் வேகம் பெரிதாகக் கூடவே இல்லை. ஆனால் ஓய்வுக்கு முன் கடைசியாகத் தட்டிய வேகத்தைவிட, ஓய்வு முடிந்து முதலில் தட்டிய வேகம் கூடியிருந்தது. தொடக்கச் சுற்றுகளில் வந்த முன்னேற்றம் ஏறக்குறைய முழுவதும் அந்தச் சும்மா இருந்த இடைவெளிகளில்தான் தெரிந்தது.

2021இல் அதே குழு இன்னும் உள்ளே போனது. மூளையிலிருந்து வரும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவிக்குள் ஆட்களை இருத்தி, ஓய்வு நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். கை அசையவில்லை. ஆனால் அந்த ஐந்து தட்டுகளின் வரிசை மூளைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, ரீவியில் காட்சியை வேகமாக ஓட்டிப் பார்ப்பது போல. கையால் ஒரு தடவை தட்ட ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும் வரிசை, உள்ளே 50 மில்லி விநாடியில் முடிந்தது. 20 மடங்கு வேகம்! கையை ஆட்டும் புறணிப் (மூளையின் மேற்படை) பகுதிகளும், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸும் சேர்ந்தே இதைச் செய்தன. யாருக்கு இந்த மறு ஓட்டம் அதிகம் நடந்ததோ, அவருக்கு ஓய்வுக்குப் பின் வேகமும் அதிகம் கூடியது. எனக்கு இதை எத்தனை தரம் வாசித்தாலும் அலுக்கவில்லை.

எதிர்ப்பும் உண்டு. ஓய்வில் படிப்பு ஒன்றும் நடக்கவில்லை, தட்டித் தட்டி வந்த களைப்பு தீர்வதால்தான் வேகம் கூடியதாகத் தெரிகிறது என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும் களைத்த கையால் அடித்துக்கொண்டே போனால் பிழையான அடிதான் ஊறும் என்பது என் எண்ணம்.

விசையைத் தட்டுவது தவில் அல்ல, உண்மை. என்றாலும் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரற்கூடு போட்ட விரல்கள் செய்வதும் ஒழுங்கான ஒரு விரல் வரிசைதான். 'தகதிமி தகஜொணு' என்ற சொற்கட்டு ஒன்றை எடுத்து, முதலாம் காலத்தில், அதாவது மெதுவாக, பத்து விநாடி மட்டும் அடிக்கலாம். பிறகு கழியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து விநாடி இருக்கலாம். அந்த நேரத்தில் கைபேசியைத் தொடக் கூடாது, தொட்டால் பத்து விநாடி பத்து நிமிடமாகிவிடும். பிழை இல்லாமல் வந்த பிறகு இரட்டை வேகத்தில், இரண்டாம் காலம். இதோடு நித்திரை. நித்திரையை ஆராயும் மத்தியூ வாக்கரின் குழு 2002இல் இதே போன்ற விரல் வரிசையை வைத்துச் செய்த ஆய்வில், நித்திரை கொண்டு எழும்பியவர்களின் வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. அதே அளவு நேரம் முழித்திருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தளம் பழக வரும் பிள்ளையைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏசக் கூடாது, படுக்கப் போ என்று அனுப்ப வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேளகாரர் வீட்டுப் பிள்ளை கெதியாகப் பழகினால் நம் ஆட்கள் "அது அவையின்ர இரத்தத்தில ஊறினது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாராட்டுப் போலத் தெரிந்தாலும் அதற்குள் சாதிதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை தவழும்போதே சொற்கட்டைக் கேட்கிறது. கொஞ்சம் அடிக்கும், கடைக்கு ஓடச் சொல்வார்கள், திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் அடிக்கும். நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இந்தத் துண்டுப் பயிற்சி எந்தச் சாதிப் பிள்ளைக்குக் கிடைத்தாலும் பலன் கிடைக்கும். ரியூசன் மாதிரி ஒரே இருப்பில் இரண்டு மணித்தியாலம் இருத்தப்படும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

காந்தப்புலக் கருவி வன்னிக்கு இப்போதைக்கு வராது. ஆனால் ஒவ்வொரு அடியும் விழுந்த நேரத்தைக் கணக்கெடுக்கக் கைபேசியின் மைக் போதும். வவுனியாப் பல்கலைக்கழக மாணவர் யாராவது இறுதி ஆண்டு ஆய்வுக்கு இதை எடுக்கலாம். நம் நாட்டில் ஆய்வுக்கு ஒதுக்கும் சொற்பப் பணமும் மாநாட்டு மேடை அலங்காரத்துக்குப் போகும்போது, இதற்கு ஆகும் செலவு பிள்ளைகளின் பஸ் காசும் தேநீரும்தான். பாதிப் பேர் இடைவிடாமல் அடிக்கட்டும், மீதிப் பேர் விட்டு விட்டு அடிக்கட்டும். அடித்த மொத்த நேரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், மறுநாள் காலையில் எல்லோரும் களைப்பில்லாமல் வந்து அடித்துக் காட்ட வேண்டும். அப்போது களைப்பா, மறு ஓட்டமா என்ற வாதத்தில் நாங்களும் ஒரு கை பார்க்கலாம்.